முதல் வார்த்தைக்கு மட்டும் அவசரம்

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடுவீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. அழுக்குப் படாமல் இருக்க அதற்கு ஒரு பாலிதீன் கவர். கவர் கிழியாமல் இருக்க அதன் மேல் அம்மா பின்னிய ஒரு துணி. அந்தத் துணியின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னாத்துக்குக்கா?"

"தூசி படாம கீறதுக்குத்தான்," என்றாள் அம்மா.

"எது மேல தூசி?"

"கவரு மேல." சொல்லிவிட்டு அம்மா விழித்தாள். அவர் சிரிக்கவுமில்லை, மேலே எதுவும் கேட்கவுமில்லை. குடிதண்ணீர்க் குழாய் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே துணி போயிற்று, கவர் போயிற்று. அடுத்த வாரம் பூச்சாடியும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது என் அப்பா நைனாவின் மருந்து டப்பா இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அவருடைய கணவருக்கு ஊர் ஊராக மாற்றலாகும் அரசு வேலை. எதிர் வீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று, சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டியில் பாதி இடம் காலியாக இருந்தது. மீதி சாமான் அடுத்த நடையில் வரும் என்று தெருவே எதிர்பார்த்தது. வரவில்லை. அவ்வளவுதான் சாமான்.

தெருவில் யார் எதைக் கொடுத்தாலும் "வேணாம்" என்பார். கோபமாக அல்ல, மணி கேட்டால் மணி சொல்வது போல. பிறகு வந்த பொங்கலில் கோலப்போட்டிப் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தைக்கூட "வூட்ல ஒண்ணு கீது, வேணாம்" என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்தவர். பிள்ளைகள் 'வேணாக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியும். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

நான் நேர் எதிர். உத்திரமேரூரில் ஒரு உரக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. என் கைப்பையில் தீர்ந்துபோன பேனா, ஒற்றைக் கம்மல், பழைய பஸ் டிக்கெட், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி எல்லாம் இருக்கும். எனக்கு முதலில் அவரைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான். அவர் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா, மனதில் ஏதோ பெரிய துக்கம் இருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"துக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மாத்தல் வந்தா தூக்கினு போவ வேணாம்ல?" என்றார்.

அவருடைய "வேணாம்" வெறும் சிக்கனம் இல்லை, அது ஒரு வேலை என்று எனக்குப் புரிந்தது ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்றுதான். மைக்செட்காரர் நாலு திசைக்கும் குழாய் கட்டியிருந்தார். அலறல்தான் கேட்டது, யார் வீட்டுக் கூழ், எப்போது ஊற்றுவார்கள், ஒன்றும் புரியவில்லை. அவர் போய் மைக்செட்காரரிடம் ஏதோ சொன்னார். இரண்டு குழாயை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. சத்தத்தைக் குறைத்தால் பேச்சு கேட்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அன்று நைனாவும் அங்கே இருந்தார். யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வேணாக்கா என்னைக் கேட்டார். "உங்க நைனா பேச மாட்டாரா?"

நைனா பேசாத ஆளா! ஏரிக்கரையில் நின்று குரல் கொடுத்தால் கடைமடையில் மேயும் மாடு நிமிர்ந்து பார்க்கும். யாராவது ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் நைனாவின் பதில் சுடச்சுட வந்து விழும். தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போனது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிக்குக் கரண்டு என்று கதிர்வீச்சு வைத்த இடம் கெட்டிப்பட்டுவிட்டதால் அது ஒத்துவரவில்லை. எழுதிக் காட்டினால், எதிராளி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். செல்போனில் தட்டினால் பேசும் என்றார்கள். நைனாவின் விரல்கள் வருடக்கணக்காக மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போனவை. அந்த விரல் பட்டால் செல்போன் கண்டுகொள்ளவே இல்லை.

விசை உள்ள பொருள்தான் வேண்டும் என்று, நான் காலேஜில் வைத்திருந்த குட்டி நெட்புக்கை எடுத்தேன். மடியில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். அதில் இருந்த விண்டோஸ் திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். லினக்ஸ் போட்டால் வேகமாக ஓடும் என்று வீடியோவில் சொன்னார்கள். லினக்ஸில் பல தினுசு இருக்கிறது. நான் இருப்பதிலேயே அழகான தினுசாகப் பார்த்துப் போட்டேன். ஜன்னல்கள் எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளிந்து நெளிந்து திறக்கும். நைனா தமிழில் அடித்துவிட்டு என்டர் விசையைத் தட்டுவார். நெட்புக் உறுமும். யோசிக்கும். மறுபடி உறுமும். அது வாய் திறக்கும்போது எதிரே இருந்தவர் காபி குடித்து முடித்து எழுந்து போயிருப்பார்.

வீட்டில் அது தமாஷாக இருந்தது. ஏரிக்கரையில் தமாஷாக இல்லை.

எங்கள் ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்து மார்கழியில் பாசனக்காரர்கள் எல்லாரும் மதகடியில் கூடுவார்கள். மதகைத் திறந்து தண்ணீர் பிரித்துவிடும் ஆளைக் கம்புகட்டி என்போம். யாருக்கு முதல் முறை, யாருக்கு அடுத்தது என்று அவர் உரக்கச் சொல்லி, ஒவ்வொரு முறைக்கும் கையிலிருக்கும் கம்பால் மதகுக் கல்லில் ஒரு தட்டு தட்டுவார். ஆட்சேபம் இருப்பவர் கம்பு கல்லில் படுவதற்கு முன்னால் வாய் திறக்க வேண்டும். கடைசித் தட்டும் விழுந்துவிட்டால் அந்த வருடத்துக்கு அந்த வரிசைதான். கையைத் தூக்கினால் பிரயோசனம் இல்லை. அங்கே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் கத்துவார்கள். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு நைனாதான் வாய்.

குரல் போன வருடம் நெட்புக்கைத் தூக்கிக்கொண்டு போனார். கடைமடைக்குக் கடைசி முறை என்றார் கம்புகட்டி. நைனா அடித்தார். நெட்புக் உறுமியது. கம்பு கல்லில் பட்டது. கம்புகட்டி அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு, "இல்ல, ஒத்துக்க முடியாது" என்று நைனாவின் மடியிலிருந்து குரல் வந்தது. கூட்டமே சிரித்தது. பங்குனியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரியில் தண்ணீர் இல்லை. எங்களுடையது மட்டுமல்ல, கடைமடை முழுக்கப் பதராகப் போயிற்று. நைனா நெட்புக்கை மூடிப் பரண் மேல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தத் தலையாட்டல்.

இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். வேணாக்கா தன் வீட்டு வாசலில் நின்று, "அந்த மெஷின எடுத்துனு வா," என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர் அவர் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். என் அழகான லினக்ஸை முழுக்கத் துடைத்தார். பென்டிரைவில் வைத்திருந்த வேறொரு தினுசைப் போட்டார். பழைய, சக்தி குறைந்த மெஷின்களுக்கென்றே செய்த இளைத்த தினுசு. அதோடு விடவில்லை. கறுப்புத் திரையில் ஒரு நீளமான பட்டியலை வரவழைத்து என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப உள்ள யார் யாரு ஓடிக்கினு கீறாங்க பாரு."

பார்த்தேன். இல்லாத பிரிண்டருக்காக ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். புளூடூத்துக்கு ஒருத்தன். புது அப்டேட் வந்ததா என்று வராத இன்டர்நெட்டைத் தட்டிக்கொண்டு ஒருத்தன். நைனா ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் இத்தனை பேரை விலக்கிக்கொண்டுதான் அது வெளியே வர வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது இன்னாத்துக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றால் எடுத்துவிட மாட்டார். அவரே படித்துப் பார்த்து, நைனாவின் பேச்சுக்கு அது தேவையில்லை என்று நிச்சயமான பிறகுதான் நிறுத்துவார். அந்தப் பொறுமையை நான் அதுவரை எந்த மனுஷரிடமும் பார்த்ததில்லை. தூக்கிப் போடுகிறவர்களுக்கு அவசரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மாடுகளின் போட்டோவைத் திரையில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"நைனா படம் பாக்கணுமா, பேசணுமா?"

"பேசணும்."

"அப்ப வேணாம்."

வைஃபையும் போயிற்று. திறந்தவுடன் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் போயிற்று. மிஞ்சியது வெள்ளையாக ஒரே ஒரு கட்டம். மூடியைத் திறந்தால் அந்தக் கட்டம், அதில் அடித்தால் எழுத்து, என்டர் தட்டினால் பேச்சு. விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளை என் வெள்ளை நகப்பாலிஷால் அவரே எழுதினார்.

வேகத்தைச் சோதிக்க அவர் கடிகாரம் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். எங்கள் தெருவில் அம்மாதான் மூச்சு விடாமல் பேசுகிறவள். நைனாவை நெட்புக்கோடு உட்கார வைத்து, அம்மாவிடம் நைனாவைப் பற்றியே ஏதாவது கிளப்பிவிடுவார்.

"கண்ணாலத்துல நைனா இன்னாக்கா சீர் கேட்டாரு?"

அம்மா ஆரம்பித்துவிடுவாள். நைனா கோபமாக ஒரு சொல்லைத் தட்டுவார். அம்மா அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் நெட்புக் பேச வேண்டும். இல்லையென்றால் அவர் உதட்டைப் பிதுக்கி மெஷினை வாங்கிக்கொள்வார், மறுபடி எதையாவது எடுப்பார். ஒரு கட்டத்தில் வேகம் சரியாகிவிட்டது, ஆனால் முதல் எழுத்து மட்டும் விழுங்கப்பட்டே வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க உள்ளே இருக்கும் சவுண்டு தூங்கிப் போகிறதாம். எழுந்திருப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறதாம். இரண்டு நாள் அதே வேலையாக இருந்தார். பிறகு வந்து, "தூக்கத்தையும் எடுத்தாச்சு," என்றார்.

நெட்புக்கின் சத்தம் போதாது என்று காய்கறி வண்டிக்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒயரில் மாட்டினார். ஒயர் இல்லாமலே பேசும் ஸ்பீக்கர் இருக்கிறதே என்றேன். அது காற்றில் வந்து சேர்வதற்குள் கம்பு இறங்கிவிடும் என்றார்.

கடைசியாக நைனாவிடம், அடிக்கடி சொல்லும் சொற்களை எல்லாம் அடித்துத் தரச் சொன்னார். மேல் வரிசை விசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். தட்டினால் உடனே பேசும். நைனா திரை கொள்ளாத அளவுக்கு அடித்தார். அவர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தார். 'பேமானி' என்ற வசவு வந்த இடத்தில் நின்று நைனாவைப் பார்த்தார். நைனா பலமாகத் தலையாட்டினார். வெட்டாமல் அடுத்ததற்குப் போனார். முதல் விசையில் அவர் வைத்தது 'நில்லு'.

நான் கேட்டேன். "அக்கா, நீளமா பேசணும்னா இன்னா பண்றது? அடிக்கிறதுக்கு நேரம் ஆவுமே. விரலு அப்படி."

"மொத வார்த்த டைமுக்கு வந்தா போதும்," என்றார். "மீதிக்கு அவங்க காத்துக்கினு இருப்பாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யார் காத்திருப்பார்கள்?

மார்கழியில் கூட்டம் போட்டார்கள். அந்த வருடம் மழை குறைவு. ஏரியில் முக்கால் தண்ணீர்கூட இல்லை. கடைசி முறை என்றால் கடைமடைக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நானும் நைனாவோடு போனேன். வேணாக்காவும் வந்தார், ஆனால் எங்களோடு நிற்கவில்லை. கரை மேல் பனைமரத்தடியில் தள்ளி நின்றார். நைனா மதகுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து நெட்புக்கை மடியில் திறந்து வைத்தார். போன வருடம் சிரித்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்புகட்டி மேல்மடை சொன்னார், தட்டினார். நடுமடை சொன்னார், தட்டினார். "கடமடைக்குக் கடைசி மொறை," என்று சொல்லிக் கம்பை ஓங்கினார்.

"நில்லு!"

இரும்புக் குரல். மனுஷக் குரல் மாதிரியே இல்லை. ஆனால் முதல் எழுத்து முழுசாக, ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. கம்பு அந்தரத்தில் நின்றது. கம்புகட்டி யார் பேசியது என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அதற்குள் நைனா அடுத்த விசையைத் தட்டிவிட்டார்.

"பேமானி!"

இந்த முறை கூட்டம் சிரித்த சிரிப்பு வேறு. "அட, நம்ம ஆளு! வந்துட்டாருடா!" என்று யாரோ கத்தினார்கள். கம்புகட்டியே சிரித்துவிட்டார். "சரி நைனா, இன்னா சொல்ற? சொல்லு," என்று கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நைனா அடிக்க ஆரம்பித்தார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓங்கிய கம்பு ஆட்சேபத்தில் நின்றுவிட்டால், ஆட்சேபம் சொன்னவர் சொல்லி முடிக்கும்வரை இறங்கக்கூடாது. அதுவும் அதே வழக்கம்தான். எல்லாருக்கும் தெரிந்ததுதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. வந்து ஆறு மாதமான அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்தவரே அடக்கினார். கொக்கு பறக்கிற சத்தம் கேட்டது.

"போன வருசம் எங்க கதிரு காஞ்சத நீங்கல்லாம் பாத்தீங்க. இந்த வருசம் தண்ணி கம்மி. கடமடைய மொதல்ல வுட்டு, அப்பறம் மேல வாங்க. மேல ஊத்து கீது, கொஞ்சம் தாங்கும். கீழ தாங்காது."

அந்த இரும்புக் குரல் 'கீது' என்று சொன்னதைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. வெகு நேரம் பேசினார்கள். நைனா குறுக்கே நாலைந்து முறை 'நில்லு' தட்டினார். கடைசியில் கம்பு இறங்கியபோது கடைமடைக்கு இரண்டாவது முறை. முதல் முறை கிடைக்கவில்லை, ஆனால் இரண்டாவது போதும். அந்தப் பங்குனியில் எங்கள் கதிர் தலை சாய்ந்து நின்றது.

அன்று கம்பு இறங்கியதும் நான் கரை மேல் திரும்பிப் பார்த்தேன். பனைமரத்தடியில் யாரும் இல்லை. தன்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அதன்பிறகு நைனா பழையபடி வாயாடியானார். டீக்கடையில், பால் சொசைட்டியில், எங்கும் நெட்புக்கோடு போனார். பேட்டரி பழையதுதான், ஆனாலும் உள்ளே வேறு யாரும் தின்னாததால் மத்தியானம்வரை தாங்கியது. அம்மாவுக்கு மட்டும்தான் கஷ்டம். "பேசாம இருந்தப்ப நிம்மதியா இருந்துச்சு," என்பாள், நைனா 'பேமானி' விசையில் கை வைப்பார்.

அடுத்த வைகாசியில் அவர்களுக்கு மாற்றல் வந்தது. கணவர் சாமானோடு குட்டியானையில் முன்னால் போய்விட்டார். வண்டி இந்த முறையும் பாதி காலி. வீட்டைப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருந்ததால் அவர் மட்டும் பின்னால் பஸ்ஸில் கிளம்பினார். தோளில் ஒரு பை. நானும் நைனாவும் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனோம். நான் வழி முழுக்க அழுதேன். ஒரு பட்டுப்பையில் முறுக்கும், அம்மா கொடுத்த ரவிக்கைத் துணியும் வைத்திருந்தேன். முறுக்கை வாங்கிக்கொண்டார். மற்றதற்கு "வேணாம்" என்றார்.

காஞ்சிபுரம் பஸ் வந்தது. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, நைனாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, படியில் கால் வைத்தார்.

"நில்லு!"

நைனாவின் கையில் நெட்புக் திறந்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் இறங்கினார். நைனா நிறுத்தத்துக் கட்டையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக. கண்டக்டர் விசில் ஊதினார். "ஏம்மா, வரியா இல்லியா?"

"நீங்க போங்க. இவரு இன்னும் பேசி முடிக்கல," என்றார் அவர்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. எல்லாவற்றிலும் தாமதத்தைத் தேடித் தேடி எடுத்த மனுஷி, பையை மடியில் வைத்துக்கொண்டு, நைனாவின் விரலையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நைனா ஒரு இடத்தில் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். பிறகு என்டர் விசையைத் தட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துட்ட. என்னைய மட்டும் உள்ள வுட்டு வச்ச. நல்லா இரு கண்ணு."

மெஷின் பேசி முடித்ததும் நைனா எழுத்தை அழித்துவிடுவார், அடுத்த பேச்சுக்குக் கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று வேணாக்காவே சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. நைனாவின் விரல் அழிக்கும் விசைக்குப் போனது. அவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்த எடுக்க வேணாம் நைனா," என்றார். "இருக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து, மேல் வரிசையில் மிச்சமிருந்த ஒரு விசையில் அந்த வார்த்தைகளை அவரே வைத்தார். அடுத்த பஸ் வர வெகு நேரம் ஆயிற்று. மூன்று பேரும் முறுக்கைத் தின்றுகொண்டு காத்திருந்தோம்.